பெஞ்சை நான்தான் எடுத்தேன்

உக்காரு தாயி. அந்தத் தவிட்டு மூட்டை மேலயே உக்காரு, ஒண்ணும் ஆகாது. தூசி படும், தட்டிவிட்டாப் போயிரும். முன்னால இங்க பெஞ்சு கிடந்துச்சு. இப்ப இல்லை. அதையும் சொல்றேன், அவசரப்படாத.

அந்தக் கேள்வியை இன்னொரு தடவை படி. 'அகதி மக்களும் உள்ளூர் மக்களும் அன்றாடம் சந்தித்துப் பழகும் இடங்கள் எவை?' இதுக்கு எதுக்கு காலேஜ்ல இருந்து ஒரு பிள்ளையை வெயில்ல அனுப்பணும்? இந்த மில்லுதான். வேற எடம் கிடையாது. குழாயடி அவங்களுக்குத் தனி. ரேஷன் கடையில அவங்களுக்குத் தனி நாளு. கோயிலுக்கு வந்தாலும் வாசல்லயே நின்னு கும்பிட்டுட்டுப் போயிருவாங்க. மாவு மில்லு ஒண்ணுதான் எல்லாருக்கும் பொது. குருவம்மா மாவு மில்லுன்னு எழுது. குருவம்மா நான்தான். எங்க வீட்டுக்காரர் இருக்கும்போதே என் பேர்லதான் போர்டு எழுதி வச்சார்.

நீ கேம்ப்புக்குப் போயிட்டு வந்தியா, இனிமேத்தான் போகணுமா? இனிமேத்தானா. நல்லது. அப்ப முதல்ல என் பக்கத்தைக் கேட்டுக்கோ. அங்க போனா ஆளுக்கொண்ணு சொல்லுவாளுக.

கண்மாய்க்கு அந்தாண்ட வெள்ளையா ஓடு மாதிரி தெரியுது பாரு, அதுதான் கேம்ப்பு. நாப்பது வீடு இருக்கும். இலங்கையில சண்டைன்னு போட்டேறி வந்தவங்க. வந்து இருபது வருசத்துக்கு மேல ஆச்சு. அப்பல்லாம் அந்தப் பொம்பளைங்க மில்லுக்கு வருவாங்க, அரிசியக் குடுப்பாங்க, மாவை வாங்குவாங்க, தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போயிருவாங்க. ஒரு பேச்சு கிடையாது. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. தப்பாச் சொல்லலை. ஒழுக்கமா இருந்தாங்கன்னு சொல்றேன்.

தவமலர் வந்துதான் எல்லாம் மாறிப்போச்சு.

வேற ஊர்க் கேம்ப்புல இருந்து இங்க மாத்தி அனுப்பினாங்க அவளை. அம்பது வயசு இருக்கும். ஒல்லியா, நெட்டையா, எப்பப் பாரு ஒரே சாம்பக்கலர்ச் சேலை. புருஷன் நடராசாவுக்கு ரெண்டு கண்ணும் தெரியாது. குண்டு வெடிச்சுப் போனது. அந்த மனுஷன் வீட்டுல உக்காந்து தடவித் தடவி ஒயர் கூடை பின்னுவார். பிள்ளைங்க ரெண்டும் அங்கயே போயிருச்சாம். எப்படிப் போச்சுன்னு நான் கேட்டிருக்கேன். ஒரு தடவை இல்லை, நாலஞ்சு தடவை கேட்டிருக்கேன். சொல்லவே மாட்டா. "அது முடிஞ்ச கதை அக்கா"ம்பா. மனசுல உள்ளதைச் சொல்லாதவளை எப்படி நம்புறது, நீயே சொல்லு.

அவ வந்த சமயந்தான் கரண்டு கட்டு. உனக்கு ஞாபகம் இருக்கும், பள்ளிக்கூடத்துல படிச்சுக்கிட்டு இருந்திருப்ப. போனா மூணு மணி நேரம், நாலு மணி நேரம் வராது. மிளகாயைக் கொட்டினவ பாதிப் பொடியோட நிப்பா. வீட்டுக்குப் போயிட்டுத் திரும்ப வர முடியாது, கேம்ப்பு தூரம். அப்படி ஒரு நாள்தான் அவ என்கிட்ட வந்து கேட்டா.

"அக்கா, கரண்ட் வருமட்டும் உந்த வாங்கில இருக்கலாமோ?"

"எந்த வாங்குல?"

"இதிலதான்"னு பெஞ்சைத் தொட்டுக் காமிச்சா. அவளுக பாஷையில பெஞ்சுன்னா வாங்காம்.

"உக்கார்றதுக்குத்தான போட்டிருக்கு"ன்னேன்.

பாத்தியா, நான்தான் உக்காரச் சொன்னேன். அதை எழுதிக்கோ.

அவ உக்காந்தா. மறுநாள் இன்னும் ரெண்டு பேர் உக்காந்தாளுக. எங்க தெருப் பொம்பளைங்களும் கரண்டு இல்லாம எங்க போவாங்க, அவங்களும் உக்காந்தாங்க. முதல்ல ஒரு முனையில இவங்க, மறு முனையில அவங்க. நடுவுல தூக்குவாளியும் தகர டின்னும். பத்து நாள்ல டின்னெல்லாம் தரைக்குப் போயிருச்சு. ஒட்டி உக்காந்துக்கிட்டாளுக.

பேச்சுன்னா என்ன பேச்சுங்கிற! புட்டுக்கு மாவை வறுக்கணுமா அவிக்கணுமான்னு ஆரம்பிச்சது, பெரிய இடத்துக்கெல்லாம் போயிருச்சு. நிரோஷான்னு கேம்ப்புப் பிள்ளை, பன்னெண்டாவது படிச்சுட்டு வீட்டுல கிடந்துச்சு. மிளகாய் அரைக்க வந்த டீச்சரம்மாகிட்ட தவமலர் பேசி, அந்தம்மா எங்கயோ எழுதிப்போட்டு, அந்தப் பிள்ளைக்கு நர்சு படிக்க எடம் வாங்கிட்டாளுக. எங்க தெரு மாரித்தாய், புருஷன் குடிச்சுட்டு அடிச்சா முன்னெல்லாம் என் வீட்டுக்குத்தான் ஓடி வருவா. நான் புத்தி சொல்லித் திருப்பி அனுப்புவேன். பொம்பளைன்னா பொறுத்துத்தான் போகணும்னு. அவ இப்ப கேம்ப்புக்கு ஓடிப்போயி ரெண்டு நாள் இருந்துட்டு வர்றா. இவளுக நாலு பேர் அவ கூடவே வந்து வாசல்ல நிக்கிறாளுக. அவன் கை ஓங்கவே பயப்படுறான். உள்ளூர்க் குடும்ப விஷயம் கேம்ப்பு வரைக்கும் போகலாமா? எனக்கு அது மனசுக்குச் சங்கடமா இருந்துச்சு.

இன்னொண்ணு சொல்றேன், இது உனக்குத் தெரியணும். கேம்ப்புல மாசத்துக்கு ரெண்டு தடவை ஆபீசர் வந்து பேரைக் கூப்பிட்டு ஆளை எண்ணுவார். எந்த நாள்னு முன்கூட்டிச் சொல்ல மாட்டாங்க. கூப்பிடும்போது ஆள் இல்லைன்னா பேரை வெட்டிருவாங்க. பேர் போனா ரேஷன் போச்சு, உதவி போச்சு, வீடும் போச்சு. இவளுக கூலி வேலைக்கு வெளியூர் போனா என்ன செய்யறது? அதுக்கும் இந்தப் பெஞ்சுதான். ஆபீசர் வண்டி பஸ் ஸ்டாப்புல திரும்பும்போதே மில்லுக்குச் சேதி வந்துரும். இங்க இருந்து போன் போகும். தோட்டத்துல களை எடுக்குறவ, கட்டட வேலையில நிக்கிறவ, எல்லாரும் ஓட்டமா ஓடி வந்துருவாளுக. வராதவளுக்கு, 'இப்பத்தான் சார் மாவு மில்லுக்குப் போனா'ன்னு ஒரு வார்த்தை. ஆபீசர் நல்ல மனுஷன், நம்பிருவார். என் மில்லை வச்சுத்தான் இத்தனையும். என்கிட்ட ஒருத்தி கேட்டாளா? கேக்கலை. நானும் ஒண்ணும் சொல்லலை. அந்தளவு இடம் குடுத்தேன்.

என் மருமகளைப் பத்திச் சொல்லணும். செண்பகம். என் மகன் ராமசுப்பு துபாய்ல இருக்கான், ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவைதான் வருவான். அவ என் கூடத்தான் இருந்தா. தாயில்லாப் பிள்ளை. அப்பனும் வேற கல்யாணம் பண்ணிக்கிட்டான். நான்தான் பாவம்னு கட்டிட்டு வந்தேன். நல்ல வேலைக்காரி. மில்லுல மூட்டை தூக்குறது, ஏறி நின்னு கொட்டுறது, சலிக்கிறது, எல்லாம் செய்வா. வாயைத் திறக்க மாட்டா. ரெண்டு தடவை உண்டாகி ரெண்டு தடவையும் கலைஞ்சு போச்சு. நான் ஒரு சொல் குத்திப் பேசினதில்லை. 'உன் ராசி'ன்னு மட்டும் எப்பவாச்சும் சொல்லியிருப்பேன். அது எல்லா வீட்லயும் சொல்றதுதான்.

ரெண்டாவது தடவை கலைஞ்சப்ப, மூணாம் நாள் மில்லுக்கு வந்து நின்னா. தவமலர் அவ மூஞ்சியப் பாத்தா. ஒண்ணும் கேக்கலை. கையைப் பிடிச்சுப் பக்கத்துல உக்கார வச்சா. இந்தப் பிள்ளை அவ மடியில தலையை வச்சு அழுதுச்சு பாரு, மிஷின் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டுச்சு. மறுநாள் தவமலர் என்னமோ மருந்துச் சரக்கெல்லாம் இடிச்சுக் குழம்பு வச்சுத் தூக்குவாளியில கொண்டு வந்தா. ஒரு மண்டலம் கொண்டு வந்தா. இவ அதைக் குடிச்சுட்டு, "நல்லாருக்கும்மா"ங்கிறா.

அம்மா! என்னைக் கல்யாணம் ஆன நாள்ல இருந்து அத்தைன்னுதான் கூப்பிட்டா. முறை அதுதான், நான் இல்லைங்கலை. ஆனா அவளை அம்மான்னு கூப்பிடுறதுக்கு என்ன முறை?

நானும் இந்த ஊருக்குப் பதினாறு வயசுல வந்தவதான் தாயி. எனக்கு யார் மடி இருந்துச்சு? என் மாமியா என்னை உரலுக்குப் பக்கத்துலயே படுக்க வச்சா. எனக்கும் ஒண்ணு கலைஞ்சிருக்கு. அன்னைக்குச் சாயங்காலமே நாலு படி கம்பு குத்தினேன். நான் தாங்கிக்கலையா? அழாம இருந்து பழகிக்கணும். அதைத்தான் அவளுக்குக் கத்துக்குடுக்கணும்னு நெனச்சேன். குறுக்க வந்து இவ கெடுத்துட்டா.

அதுக்கப்புறந்தான் பெஞ்சை எடுத்தேன்.

கரையான் ஏறுதுன்னு சொல்லி எடுத்தேன். கொஞ்சம் ஏறவும் செஞ்சுச்சு. பின்னாடி கொட்டடியில போட்டுப் பூட்டிட்டேன். அன்னைக்கு மத்தியானம் வந்து பாத்தாளுக. ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாத்தாளுக. தவமலர் மட்டும் சிரிச்சுக்கிட்டே, "பரவாயில்லை, நிலம் இருக்குத்தானே"ன்னு சொல்லித் தரையில உக்காந்துட்டா. எங்க தெருப் பொம்பளைங்களும் கூடவே உக்காந்துட்டாங்க. தரையில! எனக்கு எப்படி இருந்திருக்கும்?

மறுநாள் அவளுக வர்ற நேரத்துக்குத் தண்ணி ஊத்திக் கழுவி விட்டேன். மில்லுன்னா கழுவாண்டாமா? தினமும் கழுவினேன். ஒரு வாரம் ஈரத்துலயே நின்னாளுக, சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு. வயசானவ ஒருத்தி வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடிச்சுக்கிட்டா. அவளுக்குத்தான் கவனம் பத்தலை. எட்டாம் நாள் செண்பகம் என்ன செஞ்சா தெரியுமா? நான் கழுவிட்டு அந்தப் பக்கம் போனதும், காலிச் சாக்கையெல்லாம் எடுத்து ஈரத்து மேல விரிச்சுப் போட்டா. என் மில்லு, என் சாக்கு. என்னை நேராப் பாத்துக்கிட்டே விரிச்சா.

நான் ஒண்ணும் சொல்லலை. சொல்லக்கூடாதுன்னு இருந்தேன். கேம்ப்பு அரிசின்னா கடைசியாத்தான் அரைக்கிறதுன்னு மட்டும் ஒரு ஒழுங்கு கொண்டு வந்தேன்.

அந்த வருசம் ராமசுப்பு லீவுல வந்துட்டுப் போனான். அவ மூணாவது தடவை உண்டானா. இந்தத் தடவை நின்னுச்சு. அஞ்சு மாசம், ஆறு மாசம், நல்லாத்தான் இருந்தா. வேலையும் செஞ்சா. வேலை செஞ்சாத்தான் சுகப்பிரசவம் ஆகும்னு நான் அவளைச் சும்மா உக்கார விடலை. தவமலர் வந்து சொன்னா, "அக்கா, பிள்ளையை மூட்டை தூக்க விடாதேங்கோ."

"எனக்குத் தெரியாதா? நான் பெத்தவ"ன்னேன்.

 அவளும் ரெண்டு பெத்தவதான். அது எனக்கு அப்புறந்தான் உறைச்சுது. ஆனா நான் அவளைச் சொல்லலை, பொதுவாச் சொன்னேன்.

ஏழாம் மாசம் ஒரு வெள்ளிக்கிழமை. எங்க ஒண்ணுவிட்ட தங்கச்சி வீட்டுல காது குத்து. நான் கிளம்பிக்கிட்டு இருக்கேன். செண்பகம் வந்து, "அத்தை, லேசா ரத்தம் படுது"ங்கிறா. எனக்கும் அப்படிப் பட்டிருக்கு. "படுத்துக்கோ, சாயங்காலம் வந்து பாக்குறேன்"னுட்டுப் போனேன். அங்க இருந்துட்டு மறுநா காலையிலதான் வர முடிஞ்சுது. விசேஷ வீடு, விடமாட்டேன்னுட்டாங்க. வந்து பாத்தா வீடு பூட்டிக் கிடக்கு. மாரித்தாய் சாவியக் குடுக்குறா. தவமலர் மாவுக்கு வந்தவ, இவ சுருண்டு கிடக்குறதப் பாத்து, ஆட்டோவைக் கூப்பிட்டு ஜில்லா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாளாம். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா ரெண்டு உசுரும் இல்லைன்னாராம் டாக்டர். டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க, பயமுறுத்துறதுக்கு.

சரி, பாத்துக்குறா, நல்லதுன்னு மில்லைத் திறந்தேன். ஒத்தை ஆளா எவ்வளவு வேலை தெரியுமா?

பதினோரு மணி இருக்கும். ஆபீசர் வந்து நின்னார். அன்னைக்குக் கேம்ப்புல ஆள் எண்ணுற நாளு. எனக்குத் தெரியாது, சத்தியமா எனக்குத் தெரியாது. வண்டியில உக்காந்துக்கிட்டே கேட்டார்.

"ஏம்மா, தவமலர் இங்க இருக்காங்களா? மாவு மில்லுக்குப் போயிருக்காங்கன்னு கேம்ப்புல சொல்றாங்க."

மில்லுக்குள்ள அப்ப மூணு பேர் நின்னாங்க. கேம்ப்புப் பொம்பளைங்க ரெண்டு, மாரித்தாய் ஒண்ணு. மூணு பேரும் என்னையே பாக்குறாங்க. மிஷின் ஓடிக்கிட்டு இருக்கு. நான் மிஷினை நிறுத்தினேன்.

"இங்க வரலை சார்."

"எப்பப் பாத்தீங்க?"

"ரெண்டு நாளா ஊர்லயே இல்லை சார்."

"எங்க போயிருக்காங்க?"

"தெரியாது சார்."

அவர் நோட்டுல ஏதோ எழுதிக்கிட்டுப் போயிட்டார்.

மாரித்தாய் கேட்டா, "ஏன் மதினி, உங்க மருமக கூடத்தான ஆஸ்பத்திரியில இருக்கா? சொல்லியிருக்கலாம்ல?"

நம்ம வீட்டுப் பொம்பளை ரத்தம் பட்டுக் கிடக்குறதை நடுரோட்டுல ஒரு ஆம்பளைகிட்டச் சொல்ல முடியுமா? கௌரவம் இருக்குல்ல? அவர் கேட்டதுக்கு உள்ளதைச் சொன்னேன். இங்க வரலைன்னேன், வரலை. ஊர்ல இல்லைன்னேன், இல்லை. ரெண்டும் உண்மை. மூணாவது? அதுவும் பாதி உண்மைதான். எந்த வார்டுன்னு எனக்கு எங்க தெரியும்?

தவமலர் பேரை வெட்டிட்டாங்க. கார்டு அவ பேர்லதான் இருந்துச்சு, அதனால நடராசாவுக்கும் சேத்துப் போச்சு.

நாலாம் நாள் தவமலர் வந்தா. செண்பகத்தை ரெண்டு மாசம் படுக்கையிலயே வைக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார்னு சொன்னா. கேம்ப்புல ஆளுக்கொரு நாளாப் போயிப் பாத்துக்கறதுன்னு முறை போட்டிருக்காளாம். நிரோஷா லீவு போட்டுட்டு வந்து ராத்திரிக்கு இருக்காளாம். இதையெல்லாம் சொல்லிட்டு, கையில ஒரு பேப்பர் வச்சிருந்தா, அதை நீட்டினா.

"அக்கா, ஒரு கையெழுத்து வேணும். நான் உங்கட மருமகளோட ஆஸ்பத்திரியில நிண்டனான் எண்டு வீட்டுக்காரர் ஆரும் எழுதித் தந்தா திரும்பப் பேர் போடலாமாம்."

"செண்பகத்துக்கிட்டயே வாங்க வேண்டியதுதான?"

"பிள்ளைக்கு இது தெரியாதக்கா. மனசைக் குழப்பக் கூடாதாம், பிரஷர் ஏறினா கஷ்டமாம். அவவுக்குச் சொல்ல வேண்டாம்."

நான் அந்தப் பேப்பரைப் பாத்தேன். ரெண்டே வரிதான் எழுதியிருந்துச்சு. ஆனா ஆபீசர்கிட்ட நான் தெரியாதுன்னு சொல்லியிருக்கேன். இப்ப ஆஸ்பத்திரியில இருந்தான்னு கையெழுத்துப் போட்டா நான் பொய் சொன்னவ ஆகிருவேன்ல? நாளைக்கு என்னைக் கூப்பிட்டுக் கேட்டா? சர்க்கார் விஷயத்துல கையெழுத்துப் போடாதன்னு எங்க வீட்டுக்காரர் எப்பவும் சொல்லுவார்.

"நான் கையெழுத்தெல்லாம் போடுறதில்லை தவமலர்"ன்னேன்.

 சண்டை போடுவான்னு நெனச்சேன். சண்டை போட்டிருந்தா ஒருவேளை போட்டுக் குடுத்திருப்பேனோ என்னமோ. அவ பேப்பரை நாலா மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டா. அன்னைக்கு மாவு அரைக்கக் கொண்டு வந்த அரிசி தரையில இருந்துச்சு. அதை எடுத்துக்கிட்டுப் போயிட்டா, அரைக்காமலே.

ஒரு மாசத்துல வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. அவளுக மாத்தி மாத்தித் தங்க வச்சுப் பாத்தாளுக. மனு எழுதிப் பாத்தாளுக. டீச்சரம்மா ஆபீசுக்கே நடந்தாங்க. ஆறு மாசம் ஆகும், எட்டு மாசம் ஆகும்னு சொன்னாங்க. கண்ணு தெரியாத மனுஷனை வச்சுக்கிட்டு எத்தனை வீட்டுல மாறி மாறிப் படுப்பா? ஊருக்கே திரும்பிப் போறோம்னு எழுதிக் குடுத்துட்டாளாம். அங்க யார் இருக்கா? ஒருத்தரும் இல்லை. வீடு இருந்த எடத்துல பட்டாளம் இருக்காம்.

போறதுக்கு முன்னால என்கிட்டச் சொல்லிக்கிட்டுப் போக வந்தா. புருஷனையும் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்தா.

"போட்டு வாறம் அக்கா."

எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. "என் மேல வருத்தம் ஒண்ணும் இல்லையே?"ன்னேன்.

அவ என்ன சொன்னான்னு அப்படியே சொல்றேன், எழுதிக்கோ. "இந்த மில்லுக்கு வந்தாப் பிறகுதானக்கா நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் கண்டனாங்கள். அதுக்கு முந்தி ஒரே லைன் வீடுகளில இருந்தும் ஆரெண்டு தெரியாது. அதை மறக்க மாட்டன்."

பாத்தியா? அவ வாயாலயே சொன்னா. என் மில்லுனாலதான். உன் பேப்பர்ல அந்தக் கேள்விக்கு நேரா இதைப் போடு.

அந்த மனுஷன் மட்டும் ஒரு வார்த்தை பேசலை. குரல் வர்ற பக்கம் மூஞ்சியத் திருப்பி நின்னார். நான் பேசப் பேச வேற பக்கம் திரும்பிக்கிட்டார். கண்ணு தெரியாதவங்களுக்குத் திசை தெரியாதுல்ல.

செண்பகத்துக்குப் பொம்பளப் பிள்ளை பிறந்துச்சு. குறைமாசந்தான், ஆனா தேறிருச்சு. நான் ரெண்டு தடவை போயிப் பாத்தேன். மில்லை விட்டுட்டு வர முடியலை. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்த அன்னைக்கு முதல் கேள்வி, "தவமலரம்மா எங்க?" ஆஸ்பத்திரியில கேட்டப்பல்லாம் காய்ச்சல்னு சொல்லி மழுப்பியிருக்காளுக.

நான்தான் சொன்னேன். பிள்ளை பெத்தாச்சு, இனிமே மறைச்சு என்ன? ஆபீசர் வந்தது, நான் சொன்னது, கையெழுத்துக் கேட்டது, எல்லாம் சொன்னேன். மறைக்கிற புத்தி எனக்குக் கிடையாது. அவ பிள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டே கேட்டா. அழலை. எனக்குச் சந்தோஷம், இப்பத்தான் பக்குவப்பட்டிருக்கான்னு நெனச்சேன்.

"நான் எந்த வார்டுல இருந்தேன்னு உங்களுக்குத் தெரியாதா அத்தை?"ன்னு கேட்டா. அவ்வளவுதான் கேட்டா.

மறுநாள் நான் குளிச்சுட்டு வர்றதுக்குள்ள பிள்ளையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. எங்க? கேம்ப்புக்கு. நிரோஷா வீட்டுக்கு. ஊரே சிரிச்சுது. சொந்த நாட்டுல, சொந்த ஊர்ல, மெத்தை வீடு இருக்கும்போது அகதி கேம்ப்புல போயிக் குடியிருக்குற மருமகளை எங்கயாச்சும் கேட்டிருக்கியா? ராமசுப்புக்குப் போன் போட்டேன். "நீ என்ன செஞ்சன்னு அவ சொல்லிட்டாம்மா. நான் என்னத்தைச் சொல்ல"ன்னு வச்சுட்டான்.

மில்லுக்கும் வர்றதை நிறுத்திட்டாளுக. மூணு மைல் நடந்து பக்கத்து ஊர்ல போயி அரைக்கிறாளுக. கேம்ப்பு மட்டும்னாக்கூடப் பரவாயில்லை. எங்க தெரு மாரித்தாயும் அவளுக கூடவே நடக்குறா, டின்னைத் தலையில வச்சுக்கிட்டு.

எட்டு மாசம் பொறுத்தேன். என் பேத்தி. ஒரு நாள் மனசு கேக்காம மிக்சரும் ஒரு கவுனும் வாங்கிக்கிட்டுக் கேம்ப்புக்குப் போனேன். இருபது வருசத்துல அதுதான் முதல் தடவை, உள்ள போனது. குழாயடியில பத்து இருபது பேர் இருந்தாளுக. என்னைப் பாத்ததும் பேச்சு நின்னுச்சு. ஒருத்தி ஓடிப்போய் நாற்காலி கொண்டு வந்து போட்டா. ஒருத்தி டீ கொண்டு வந்தா. "இருங்கோ அம்மா, குடியுங்கோ"ன்னாளுக. மரியாதைக்கு ஒரு குறை இல்லை. ஒருத்தியும் வேற ஒரு வார்த்தை பேசலை.

பிள்ளை அங்கதான் இருந்துச்சு. ஒருத்தி இடுப்புல இருந்து இன்னொருத்தி இடுப்புக்குத் தாவுது. சிரிக்கிது. அவகிட்ட இருந்து இவகிட்ட, இவகிட்ட இருந்து மாரித்தாய்கிட்ட. மாரித்தாய் அன்னைக்கு அங்க இருக்கா பாரு! அப்படியே கை மாறிக் கை மாறி என் பக்கத்துல வரைக்கும் வந்துச்சு. நான் டீயைக் கீழ வச்சுட்டுக் கையை நீட்டினேன். பிள்ளை என் மூஞ்சியப் பாத்துச்சு. வீல்னு கத்திருச்சு. பக்கத்துல இருந்தவ வாங்கிக்கிட்டா.

செண்பகம் வந்தா. நல்லா சதை போட்டிருந்தா. "புது ஆக்களைக் கண்டா அழுவா"ன்னா. அவளுக மாதிரியே பேசுறா! என்னைப் புது ஆளுங்கிறா.

"வீட்டுக்கு வா"ன்னேன்.

"வெயில் ஏறுறதுக்குள்ள கிளம்புங்க அத்தை"ன்னா.

கவுனை நாற்காலி மேலயே வச்சுட்டு வந்துட்டேன்.

நான் செஞ்சதைச் சொல்றேன், ஒரு பாட்டி எடத்துல இருந்து நீயே யோசிச்சுப் பாரு. கேம்ப்புல அகதி அல்லாதவங்க தங்கக் கூடாது. அது சட்டம், நான் போட்டதில்லை. டைப் அடிக்கிறவர்கிட்டச் சொல்லி ஒரு மனு எழுதி ஆபீசுல குடுத்தேன். 'வெளியாள் ஒருத்தி எட்டு மாசமாத் தங்கியிருக்கா, வச்சிருக்கிறது இன்ன வீடு'ன்னு. கீழ என் கையெழுத்துதான். தைரியமாப் போட்டேன். அவளை வெளிய அனுப்புனா வேற எங்க போவா? இங்கதான வரணும். தாய் வீடு இல்லை, தகப்பன் வீடு இல்லை. அறையக் கழுவி, வெள்ளை அடிச்சு, தொட்டில் கட்டி வச்சேன். போய்ப் பாரு, இப்பவும் தொங்குது.

போன திங்கக்கிழமை ஆபீசர் போயி, அன்னைக்கே வெளியேறணும்னு சொல்லிட்டார். நிரோஷாவோட அம்மாகிட்டயும் எழுதி வாங்கியிருக்காங்க, இனிமே யாரையும் வச்சா பேரை வெட்டிருவோம்னு. நான் அன்னைக்கு மில்லை மூடிட்டு வாசல்லயே உக்காந்திருந்தேன். பஸ் ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தேன். பொழுது சாஞ்சும் வரலை. கேம்ப்புலயும் இல்லை. பஸ் ஏறினாளா, ஆட்டோவுல போனாளா, தெரியலை. ராமசுப்பு என் நம்பரைப் பாத்தா எடுக்குறதே இல்லை.

கேம்ப்புக்கு நடந்தே போனேன் தாயி, மறுநாள். நாப்பது வீட்டு வாசல்லயும் நின்னு கேட்டேன். நிரோஷா என்னைப் பாத்து, "தெரியாது அம்மா"ங்கிறா. அடுத்த வீட்டுல, "தெரியாது அம்மா." அதுக்கடுத்த வீட்டுல தண்ணி குடுத்துட்டு, "தெரியாது அம்மா." மாரித்தாய்கிட்ட வந்து கேட்டா, "தெரியாது மதினி." எல்லாத்துக்கும் தெரியும். அவ எங்க இருக்கா, பிள்ளைக்கு இன்னைக்கு என்ன ஊட்டினா, எல்லாம் தெரியும். ஏதோ ஒரு ஊர்ல, ஏதோ ஒரு கேம்ப்புக்குப் பக்கத்துல, இவளுகளுக்குத் தெரிஞ்ச எவளோ ஒருத்தி வாடகைக்கு வீடு பிடிச்சுக் குடுத்திருப்பா. அரிசியும் பருப்பும் ஆளுக்கொரு பிடி கட்டிக் குடுத்து விட்டிருப்பாளுக. இவளுகளுக்கு எல்லா ஊர்லயும் ஆள் இருக்கு. பிறந்ததுல இருந்து இந்த மாவட்டத்தைத் தாண்டாத எனக்குத்தான் யாரும் இல்லை.

இந்தா, இந்தத் தண்ணியைக் குடி. போகும்போது வெயில் இருக்கும், கண்மாய்க் கரை வழியாப் போ, வேப்பமரம் இருக்கு. அங்க உன்னை உக்கார வச்சுப் பேசுவாளுக. டீ குடுப்பாளுக. உன் மூஞ்சியப் பாத்தா நம்புவாளுக தாயி, நானே நம்பி இத்தனையும் சொல்லிட்டேன். பேச்சோட பேச்சா, செண்பகமும் அந்தப் பிள்ளையும் எந்த ஊர்ல இருக்குன்னு மட்டும் கேட்டுட்டு வந்து எனக்குச் சொல்லு.

நான் கேக்கச் சொன்னேன்னு மட்டும் சொல்லிராத.